படகுக்குக் கொடுத்த ஆபீஸ் நம்பர்

காலையில் எழுந்தால் வாயிலிருந்து புகை வருகிற குளிரில், சுற்றிலும் தேயிலையைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதனுக்கு எதற்குப் படகு என்று கேட்டேன். நான் மட்டுமா, எஸ்டேட் வீட்டு வரிசையான எங்கள் லைன் முழுக்கக் கேட்டது. "அண்ணன் மலையிலயே ஓட்டப் போறாராம்லா, நல்ல மழ வந்தா மெதக்கும்" என்று குழாயடியில் சிரிப்பு. என் வீட்டுக்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒன்றைப் பிடித்துவிட்டால் அவ்வளவுதான், சாமி வந்து சொன்னாலும் கேட்க மாட்டார்.

வேலை பார்த்த காலம் முழுக்க அவர் எஸ்டேட் லோரி ஓட்டினார். தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கம்போங் ராஜா வழியாகக் கீழே இறங்கி, ஈப்போ, அதற்கப்பால் கடற்கரை என்று போய் வருவார். அப்படிப் போகும்போது லுமுட் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு சீனர் பழக்கமானார். அவர் மீன் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போக, இவருக்குக் கடல் பைத்தியம் பிடித்துவிட்டது. ரிட்டையரானதும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன பைபர் படகு வாங்கிவிட்டார்கள். எனக்குச் சொன்னது வாங்கிய பிறகு. நான் இரண்டு நாள் பேசவில்லை. பேசாமலிருந்ததை அவர் கவனித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

நான் இன்னும் தேயிலைத் தொழிற்சாலையில் பாக்கெட் போடும் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால்தான் லைன் வீடு எங்களிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கியா பார்மில் எனக்கு ஒரு சின்னக் கடை. காய்கறி, வேகவைத்த சோளம், சீசன் நன்றாக இருந்தால் ஸ்ட்ராபெரி. பிள்ளைகள் இரண்டும் வேலைக்கென்று சிங்கப்பூர் போய்விட்டன. சனிக்கிழமை மாலை அவர் கடலுக்கு இறங்கினால் ஞாயிறு ராத்திரிதான் மலை ஏறுவார். எனக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. வீட்டில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போடுகிறவருக்குக் கடல் எவ்வளவோ மேல் என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் படகுக்கென்று ஒரு ரேடியோ வந்தது. கடையில் வாங்கிய கையோடு அதை மலைக்குக் கொண்டுவந்து, டிவி பக்கத்தில் வைத்து, எனக்கு விளக்கம் சொன்னார். கறுப்பு டப்பா, சுருள் வயரில் ஒரு மைக், ஓரத்தில் சின்ன மூடி. மூடியைத் திறந்தால் சிவப்புப் பொத்தான்.

"ஆபத்துன்னா இத அமுக்கிப் பிடிக்கணும். அமுக்கினா நம்ம நம்பரு, நாம எங்க இருக்கோம், எல்லாம் தானா போயிடும். பக்கத்துல இருக்கற கப்பலுக்கும் போகும், கரையில மீட்புக்காரங்க ஆபீசுக்கும் போகும்."

"என்ன நம்பரு?"

"அரசாங்கம் குடுக்கும். ஒம்பது நம்பரு. இன்னும் வாங்கல. அதான் எழுதிக் குடுக்கற பாரம் கொண்டாந்திருக்கேன்."

வாங்காமல் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். திருவிழாவில் தொலைந்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லத் தெரியாமல் அழுகிற மாதிரிதான் என்றார். நம்பரைப் பதிந்து வைத்தால், மீட்பு ஆபீசில் அதைக் கம்ப்யூட்டரில் தட்டுவார்கள். படகு எந்த நிறம், எவ்வளவு நீளம், யாருடையது, கரையில் யாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் எல்லாம் வந்துவிடும். உண்மையிலேயே ஆபத்தா, யாராவது தெரியாமல் அமுக்கிவிட்டார்களா என்று முதலில் கரையில் இருக்கிறவர்களிடம்தான் விசாரிப்பார்களாம். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த விஷயம் அதுதான். யாரோ ஒருத்தர் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பது.

பாரத்தை அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினார். நான் எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவசரத் தொடர்புக்கு யார் என்ற கட்டத்தில் எழுதியதைத் தலைகீழாகப் படித்தேன். எஸ்டேட் ஆபீஸ். பக்கத்தில் ஆபீஸ் டெலிபோன் நம்பர். என்ன உறவு என்ற இடத்தில் முதலாளி என்று மலாயில்.

எனக்கு வந்ததே கோபம். "ஏங்க, ரிட்டையர் ஆகியும் தொரதான் உங்களுக்கு அப்பா அம்மாவா? நான் எதுக்கு இருக்கேன்?"

"உன் போன் இந்த வீட்டுக்குள்ள எடுக்குதா மொதல்ல? தண்ணித் தொட்டி கிட்ட போய் நின்னாத்தான் சிக்னல் ஒரு கோடு வரும். ஆபீஸ் போன்னா எப்பவும் அடிக்கும்."

"ஞாயித்துக்கெழம ஆபீஸ் பூட்டிக் கெடக்கும்."

"காவலுக்கு ஜாகா இருப்பான்லா. எடுத்துச் சொல்லுவான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெளியாட்களுக்கு இது விளங்காது. எங்கள் லைனில் பிறந்த எல்லாருக்கும் வாழ்க்கை முழுக்க ஒரே நம்பர், அது ஆபீஸ் நம்பர். பள்ளிக்கூடப் பாரம், ஆஸ்பத்திரிக் கார்டு, பேங்க் புத்தகம், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற சீட்டு, எல்லாவற்றிலும் அதையே எழுதினோம். ஆபீஸ் கிளார்க்கான கிராணி எடுப்பார், யாரையாவது அனுப்புவார், அந்த ஆள் லைனுக்கு வந்து கத்துவான். கைப்பேசி வந்து இத்தனை வருஷமாகியும் பேனாவைக் கையில் எடுத்தால் விரல் தானாக அந்த நம்பரைத்தான் எழுதும்.

அதன் லட்சணம் எனக்குத் தெரியாததா? எங்கள் மூத்தவள் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பிறந்தபோது தகவல் ஆபீசுக்குப் போனது. கிராணி கங்காணியிடம் சொல்ல, கங்காணி தேயிலைக் காட்டில் யாரிடமோ சொல்ல, அவர் லோரி ஷெட்டுக்கு ஆள் அனுப்ப, இவர் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெண் பிள்ளை ஆண் பிள்ளையாகிவிட்டது. இவர் பையன் என்று ஷெட் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு, நீலச் சட்டையோடு வந்து நின்றார். இந்தக் கதையை அன்றைக்கும் எடுத்து வைத்தேன். "இப்ப அதுக்கு என்னா? புள்ள நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி, பாரத்தை மடித்து உறையில் போட்டுவிட்டார்.

நம்பர் வந்ததும் இன்னொரு கூத்து. ஒன்பது எண்ணையும் கூட்டினால் எட்டு வருகிறதாம். எட்டு ஆகாதாம். கார் நம்பருக்கு ஜோசியம் பார்க்கிற மாதிரி இதற்கும் பார்த்து, வேறு நம்பர் கிடைக்குமா என்று போன் போட்டுக் கேட்டார். எதிர்முனையில் இருந்த மலாய்க்காரப் பெண் சிரித்ததை நான் பக்கத்திலிருந்தே கேட்டேன். பாக்சிக் என்று மாமா முறை சொல்லி, இது காருக்கு இல்லை, பிடித்ததைப் பொறுக்கி எடுக்க முடியாது என்றாள். அவர் முகம் தொங்கிப்போனது. கடைசியில் ரேடியோவுக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, குங்குமம் வைத்துத்தான் படகில் மாட்டினார். அவ்வளவு யோசித்தவர், அந்தத் தொடர்புக் கட்டத்தைப் பற்றி மட்டும் மறுபடி யோசிக்கவே இல்லை.

இப்போது அதை மாற்றிவிட்டோம். மாற்றுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பள்ளி விடுமுறை. பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரைக்கும் கார்கள் நகராமல் நிற்கின்றன. எனக்கு வியாபாரம் அமோகம். சோளம் அவிக்கிற பானையைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கை ஓய்ந்துபோயிருந்தது. மதியத்துக்கு மேல் எங்கள் ஆபீஸ் ஜாகா தன் பெண்சாதியைப் பின்னால் உட்கார வைத்து மோட்டாரில் வந்தான். காலை ஷிப்ட் முடிந்து, காய் வாங்க வந்திருக்கிறான். வேறு எஸ்டேட்டிலிருந்து வந்து சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பையன், வாய் மட்டும் ஓயாது.

"அக்கா, இன்னிக்கு ஒரு கூத்து தெரியுமா? எவனோ ஒரு மலாய்க்காரன் ஆபீசுக்குப் போன் அடிச்சு, உங்க போட்டு எங்க இருக்கு, கடலுக்குப் போயிருக்கான்னு கேக்கறான்க்கா! நான் சொன்னேன், சினி லடாங் தே லா என்ச்சே, இங்க தேயில எஸ்டேட்டு, மலை, மலையில ஏது போட்டு? அவன் திருப்பித் திருப்பிக் கேக்கறான். எனக்குச் சிரிப்பு தாங்கல. ராங் நம்பருன்னு வச்சிட்டேன்."

அவன் பெண்சாதியும் சிரித்தாள். சோளம் வாங்க நின்ற ஒரு அம்மாகூடச் சிரித்தார். நான் பானை மூடியைக் கீழே வைத்தேன்.

"பேரு ஏதும் சொன்னானா தம்பி?"

"சொன்னான்க்கா. என்னமோ நீளமா ஒரு பேரு. அந்தப் பேர்ல நம்ம எஸ்டேட்ல யாருமே இல்லக்கா." யோசித்து, பேரின் முன்பாதியைச் சொன்னான்.

என் வீட்டுக்காரர் பேர் அது. அடையாளக் கார்டில் இருக்கிற பேர். எங்கள் எஸ்டேட்டில் அவர் லோரிக்காரர். சின்னவர்களுக்கு லோரி அண்ணன், வயசானவர்களுக்கு லோரி. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு நானே அதைக் காதால் கேட்டது கொஞ்சம்தான். ஜாகாவுக்கு எப்படித் தெரியும்? அவன் பொய் சொல்லவில்லை, வேண்டுமென்று செய்யவுமில்லை. ஆனாலும் அந்த நிமிஷம் அவன் கன்னத்தில் ஒன்று விட்டால் தேவலாம் என்றிருந்தது.

"அடப்பாவி, அது அண்ணன்டா! அண்ணன் கடல்ல இருக்காருடா!"

அவன் முகம் வெளுத்துப்போனது. நான் அவர் கைப்பேசிக்கு அடித்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. சீனருக்கு அடித்தேன். அதுவும் இல்லை. அப்புறம்தான் புத்தி வந்து 999 அடித்தேன். கடல் என்றதும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து வேறு ஓர் இடம். எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் நாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கடைசியில் ஒரு ஆண் குரல் நிதானமாகப் பேசியது. படகின் பேரைக் கேட்டார், நிறத்தைக் கேட்டார். வெள்ளை, விளிம்பில் பச்சைக் கோடு என்றேன். அந்தப் பச்சைப் பெயின்ட் எங்கள் கொல்லைக் கதவுக்கு அடித்து மிச்சமானது, அதனால் மறக்கவில்லை.

அவர் சொன்னது எனக்கு இப்படித்தான் விளங்கியது. காலையில் அந்தப் படகிலிருந்து ஆபத்துச் சமிக்ஞை வந்திருக்கிறது. ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. பதிவில் இருந்த நம்பருக்கு அடித்தார்கள், இங்கே படகே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தெரியாமல் பொத்தானை அமுக்குகிறவர்கள் நிறைய உண்டு. இருந்தாலும் அந்தப் பக்கம் போகிற படகுகளிடம் ஒரு பார்வை பார்க்கச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்.

"புவான், உங்கள் கணவர் கடலுக்குத்தான் போனார் என்பது நிச்சயமா?"

"நிச்சயம் துவான். நேத்துச் சாயங்காலம் என் கையால சோறு கட்டிக் குடுத்தனுப்பினேன்."

மீட்புப் படகை இப்போதே அனுப்பச் சொல்கிறேன் என்றார். என் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கைப்பேசியை விட்டு நகராதீர்கள் என்றார்.

நகராமல் எப்படி இருப்பது? எனக்கு ஒரே யோசனைதான் ஓடியது. போனில் பேசிய அதிகாரி என் நம்பரை ஒரு தாளில்தானே எழுதியிருப்பார்? அடுத்து வேலைக்கு வருகிற ஆள் கம்ப்யூட்டரைத்தானே பார்ப்பான்? அதில் ஆபீஸ் நம்பர். ஆபீஸில் இப்போது இருப்பது மாலை ஷிப்ட் ஜாகா, அவனும் மலையில் ஏது படகு என்றுதான் சொல்லுவான். திரும்ப ஒரு தடவை அப்படிச் சொல்லிவிட்டால் போகிற படகும் திரும்பிவிடும் என்று பயம். இது நடக்குமா நடக்காதா என்றெல்லாம் நிதானமாக யோசிக்கிற நிலையிலா இருந்தேன்? கடையை ஜாகாவின் பெண்சாதியிடம் விட்டேன். அவள் என் ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் மோட்டாரில் ஏறி, "ஆபீசுக்கு விடு தம்பி" என்றேன்.

நெரிசலில் கார்களின் இடுக்கிலெல்லாம் நுழைத்து ஓட்டினான். வழி முழுக்க, மன்னிச்சிடுங்கக்கா, மன்னிச்சிடுங்கக்கா என்று புலம்பிக்கொண்டே வந்தான். வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓட்டு என்று திட்டினேன். தேயிலைக் காட்டுக்குள் திரும்பியதும் மூடுபனி. மாரியம்மன் கோயில் வளைவில் கும்பிடக்கூட என்னால் கையெடுக்க முடியவில்லை, இரண்டு கையாலும் அவன் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாயால் மட்டும் சொன்னேன். ஆத்தா, அந்த மனுஷனைக் குடுத்துடு, ஆயிரம் சண்ட போட்டாலும் எனக்கு அவர விட்டா யாரு இருக்கா.

ஆபீஸில் மாலை ஷிப்ட் ஜாகாவிடம் இவனே விஷயத்தைச் சொல்லி உள்ளே விளக்கைப் போட்டான். போன் ஏதும் வரவில்லையாம். டெலிபோன் கிராணியின் மேசையில் இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அந்த அறைக்குள் போனதில்லை. சம்பளச் சிலிப்பு, லீவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எதற்கு வந்தாலும் வெளியே ஜன்னலில் நின்றுதான் பேசுவோம். அன்றைக்கு நேராகப் போய்க் கிராணியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாராவது கேட்டிருந்தால் அவர்களைத் தொலைத்திருப்பேன்.

என் கைப்பேசியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதில் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று நினைத்து, என்னவென்று சொல்வது என்று விட்டுவிட்டேன். கோபம்தான் அதிகமாக வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். எட்டு நம்பருக்கு எலுமிச்சம்பழம் சுற்றத் தெரிந்த மனுஷன், என் பேரை ஒரு கட்டத்தில் எழுத மாட்டாரா என்று கோபம். வந்து சேரட்டும், அந்தப் படகைக் கோடாலியால் பிளந்து அடுப்பில் வைக்கிறேன் என்று நினைத்தேன். பைபர் எரியுமா என்றும் நினைத்தேன். அடுத்த நிமிஷம், வராமலே போய்விட்டால் என்று தோன்றி, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். என்னைக் கூட்டிவந்த ஜாகா ஒரு கிளாசில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். அது ஆறி ஆடை கட்டியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

ஆபீஸ் டெலிபோன் அடித்தது.

அந்தச் சத்தம் எனக்கு வெளியிலிருந்து கேட்டுத்தான் பழக்கம். அவ்வளவு கிட்டத்தில் அடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஜாகா கையை நீட்டினான், நான் அவன் கையைத் தட்டிவிட்டு ரிசீவரை எடுத்தேன். இரைச்சல். எஞ்சின் சத்தம். யாரோ சீனத்தில் கத்துகிறார்கள். அப்புறம் தொண்டை கட்டிய ஒரு குரல். பெரியவர்களிடம் பேசும்போது மட்டும் அவருக்கு வருகிற அந்தப் பணிவான குரல்.

"ஹலோ, ஆபீசுங்களா? நான் பழைய லோரி டிரைவர் பேசறேன் சார். ஞாயித்துக்கெழம தொந்தரவுக்கு மன்னிக்கணும். இங்க கடல்ல எஞ்சின் காத்தாடியில வல சுத்தி, போட்டுல தண்ணி ஏறிடுச்சு, பேட்டரி போச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், ஒரு மீன் போட்டுக்காரங்க வந்து தூக்கிட்டாங்க. என் போனு தண்ணியில போயிடுச்சு சார், இது அவங்க போனு. சம்சாரம் நம்பரு எனக்கு மனப்பாடம் இல்ல. இந்த ஒரு நம்பருதான் ஞாபகம் இருக்கு. கொஞ்சம் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிடுறீங்களா? பயந்துக்குவா."

ஜாகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார்? சார், கேக்குதுங்களா?"

"கேக்குது," என்றேன். "நான்தான் பேசறேன்."

எஞ்சின் சத்தத்துக்கு மேல் அவர் குரல் உயர்ந்தது.

"நீயா? நீ எப்படி அங்க?"

"நீங்க குடுத்த நம்பர்லதானே உக்காந்திருக்கேன்."

திட்டுவதற்கு அவ்வளவு சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே கிராணியின் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அந்தப் பக்கத்திலிருந்து, "ஏய், ஒண்ணுமில்ல, அழுவாத, ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.